ஜாவாவை வெறுத்து விலகியவர் மீண்டும் அதற்குத் திரும்புவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் ஜாவா என்ற நிரலாக்க மொழியைக் கற்ற பலரைப் போலவே நானும் ‘பப்ளிக் ஸ்டாடிக் வாய்ட் மெயின்’ என்ற வரியைப் பொருள் தெரியாமலே ரெக்கார்டு நோட்டில் எழுதினேன். செய்முறைத் தேர்வில், உலாவிக்குள் ஓடும் சிறு நிரலான ஆப்லெட் ஒன்றை மனப்பாடமாக அடித்துக் காட்டி மதிப்பெண் வாங்கினேன். பிறகு வேலைக்குச் சேர்ந்த இடத்தில், ஜாவா 6-இல் எழுதப்பட்டு, எழுதியவர்கள் எல்லோரும் விலகிப் போய்விட்ட ஒரு காப்பீட்டு மென்பொருளை மூன்றாண்டுகள் பராமரித்தேன். 2013-இல் பைத்தானுக்கு மாறியபோது, ஜாவாவை இனித் தொடுவதில்லை என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டுதான் போனேன். 2023-இன் இறுதியில், வேலையின் பொருட்டு, வேறு வழியில்லாமல் திரும்பி வந்தேன். அப்போது செய்த தவறுகளையும் பின்னர் பிடிபட்ட ஒழுங்கையும் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற வேறொரு மொழியில் இன்று கைபழகியவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதியிருக்கிறேன். நிரலாக்கத்தையே புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இது பொருந்தாது.

முதல் படி: வெறுத்தது எதை என்று எழுதிப் பாருங்கள்

எதையும் நிறுவுவதற்கு முன்பு ஒரு தாளை எடுத்து, அன்று ஜாவாவில் உங்களை எரிச்சலூட்டியவற்றை நினைவிலிருந்து வரிசையாக எழுதுங்கள். ‘வளவளவென்று இருக்கும்’, ‘பழைய மொழி’ என்ற பொதுச்சொற்களால் பயனில்லை, ஏனெனில் அவை இன்றும் உண்மையா என்று சோதித்துப் பார்க்க வழியிருக்காது. எந்த வேலையில், எந்த வரியில், என்ன நடந்தது என்று எழுதினால்தான் பின்னர் அதைச் சரிபார்க்க முடியும். என் பட்டியலில் 11 குறைகள் இருந்தன. மூன்று தகவல்களைச் சுமக்கும் கிளாஸுக்கு ஐம்பது வரிகள், தேதிகளைக் கையாளும் கிளாஸின் கோணல், எந்த மாறி வெறுமையாக இருந்தது என்று சொல்லாத ‘நல்’ (வெறுமை) பாயின்டர் பிழை, ஒரு பொத்தானுக்கு வேலை கொடுக்கக்கூடப் பெயரற்ற கிளாஸ் ஒன்றை எழுத வேண்டிய கட்டாயம், கோப்பில் எழுதிய தமிழெல்லாம் கேள்விக்குறிகளாக மாறியது ஆகியவை முதல் ஐந்து. அடுத்த நான்கு, 2 ஜிபி நினைவகம் கொண்ட அலுவலகக் கணினியில் எக்லிப்ஸ் என்ற நிரலெழுதும் கருவி உறைந்து போவது, மலைபோல் குவிந்த எக்ஸ்எம்எல் கோப்புகள், ஒரு வரி மாற்றத்துக்காகச் சர்வரை நிறுத்தித் தொடங்கக் காத்திருந்த நான்கு நிமிடங்கள், தேர்வுக்கான மனப்பாடம். கடைசி இரண்டு, கட்டாயமாகப் பிடித்துக் கையாள வேண்டிய எக்செப்ஷன்களும் (பிழை அறிவிப்புகள்), சரங்களைக் கூட்டல் குறியால் ஒட்டி ஒட்டி எழுதுவதும்.

எழுதி முடித்ததும் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். மொழியின் அன்றைய பதிப்பில் இருந்து, பின்னர் சரிசெய்யப்பட்டவை ஒரு பக்கம். மொழிக்குத் தொடர்பே இல்லாமல் கல்லூரியோ அலுவலகமோ கணினியோ கொடுத்த தொல்லைகள் இன்னொரு பக்கம். இன்றும் மொழியில் இருப்பவை மூன்றாவது பக்கம். முதல் பக்கத்தையும் மூன்றாம் பக்கத்தையும் பிரிக்க, நீங்கள் விலகிய பிறகு மொழியில் நடந்தது தெரிய வேண்டும். ஆகவே இந்தப் பிரிப்பை இப்போது பென்சிலில் செய்தால் போதும். இரண்டாம் பக்கத்தை மட்டும் இன்றே பேனாவால் எழுதிவிடலாம். எனக்கு அதில் நான்கு வந்தன. உறைந்து போன கணினியின் கடனைப் பத்தாண்டுகளாக ஜாவாவின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாம் படி: விட்ட இடத்தைக் கண்டுபிடியுங்கள்

நீங்கள் கடைசியாக எழுதிய ஜாவா எந்தப் பதிப்பு என்பதைத் தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. அம்புக்குறி போட்டு எழுதும் பெயரற்ற சிறு ஃபங்ஷன்களான லாம்டாக்களை அன்று பயன்படுத்திய நினைவு இல்லையென்றால், நீங்கள் விலகியது 8-ஆம் பதிப்புக்கு முன்பு அல்லது, நம் ஊர் நிறுவனங்களில் பெரும்பாலும் நடந்தது போல, 8 வந்த பின்பும் 6-இலேயே தங்கியிருந்த ஏதோவொரு திட்டத்திலிருந்து.

ஜாவாவின் வரலாற்றில் ஒரு நீண்ட தேக்கம் உண்டு. 1996 ஜனவரியில் வெளிவந்த மொழி, 2004-இல் 5-ஆம் பதிப்பில் ஜெனரிக்ஸ் (வகையை அளபுருவாகக் கொடுப்பது), ‘இனம்’ (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்), அனோட்டேஷன் (நிரலின் மேல் இடும் குறிப்பு) ஆகியவற்றைப் பெற்றது. 6-ஆம் பதிப்பு 2006 டிசம்பரில் வந்தது. 7 வருவதற்கு 2011 ஜூலை வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் 2010 ஜனவரியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஆரக்கிள் வாங்கி முடித்தது. அந்த நான்கரை ஆண்டுகளில் ஜாவாவைக் கற்றவர்களும் கட்டாயத்தால் எழுதியவர்களும்தான் இன்று அதை அதிகம் வெறுப்பவர்கள் என்பது என் கணிப்பு. 2014 மார்ச்சில் வந்த 8-ஆம் பதிப்பு லாம்டாக்களையும், தரவைக் கண்ணி கண்ணியாகக் கோத்துச் செயலாக்கும் ஸ்ட்ரீம்களையும், புதிய தேதி லைப்ரரியையும் கொண்டுவந்தது. 2017 செப்டம்பரில் 9 வந்தபின் வெளியீட்டு முறையே மாறியது: ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு பதிப்பு தவறாமல் வருகிறது. எல்லாப் பதிப்புகளுள் 8, 11, 17, 21, 25 ஆகியவை நீண்டகால ஆதரவு பெறுபவை.

எல்லாப் பதிப்புகளின் மாற்றங்களையும் வரிசையாகப் படிக்க உட்காராதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். 9-ஆம் பதிப்பின் மாட்யூல் அமைப்பைப் பற்றிப் படித்து இரண்டு வாரங்களை வீணாக்கினேன். அன்றாடப் பயன்பாட்டு மென்பொருள் எழுதுபவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியவை குறைவு: 10-இல் வந்த ‘வார்’ (மாறியின் வகையை எழுதாமல் விடும் வசதி), 14-இல் வந்த மதிப்பு தரும் ஸ்விட்ச், 15-இல் வந்த பல வரிச் சரங்கள், 16-இல் வந்த ரெக்கார்டு, 17-இல் வந்த சீல்டு வகைகள், 21-இல் வந்த அமைப்பு ஒப்பீட்டு ஸ்விட்ச்சும் மெய்நிகர் த்ரெட்டுகளும் (இணையாக ஓடும் வேலை இழைகள்). இவற்றுள் முக்கியமானவற்றைக் கீழே தேவைப்படும் இடத்தில் பார்ப்போம்.

மூன்றாம் படி: புதிய இடத்தில் குடியேறுங்கள்

பழைய மடிக்கணினியில் கிடக்கும் ஜாவாவைத் தூசி தட்டி எடுக்க வேண்டாம். 25-ஐயோ, உங்கள் அலுவலகம் இன்னும் அங்கே வரவில்லையென்றால் 21-ஐயோ நிறுவிக்கொள்ளுங்கள். ஓப்பன்ஜேடிகே என்ற திறந்த மூலத்திலிருந்து பலர் கட்டித் தரும் வெளியீடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எக்லிப்ஸ் டெமுரின், அமேசான் கொரெட்டோ இரண்டில் எதுவும் போதும். லினக்ஸ், மேக் பயன்படுத்துபவர்கள் எஸ்டிகே-மேன் என்ற கருவியின் வழியே நிறுவினால், பழைய திட்டத்துக்கு 8, புதியதற்கு 25 என்று ஒரே கட்டளையில் மாறிக்கொள்ளலாம்.

எழுதும் கருவியாக இன்டெலிஜே ஐடியாவைப் பரிந்துரைப்பேன், அதன் இலவச வடிவமே போதும். காரணம் வசதி மட்டுமில்லை. பழைய பாணியில் எழுதிய வரியை அது மங்கலாகக் காட்டி, ‘இதை இப்படி மாற்றலாமே’ என்று புதிய வடிவத்தைப் பரிந்துரைக்கும். பத்தாண்டு இடைவெளியோடு திரும்புபவருக்கு அது அருகில் உட்கார்ந்து திருத்தும் ஆசிரியரைப் போன்றது.

நான்காம் படி: முதல் வாரத்தில் ஃபிரேம்வொர்க் பக்கம் போகாதீர்கள்

திரும்பியவுடன், வலைச் சேவைகளுக்கான ஸ்பிரிங் பூட் என்ற ஃபிரேம்வொர்க்கில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது நான் செய்த பெரிய தவறு. அனோட்டேஷன்களின் பின்னால் மொழியே தெரியவில்லை. பழைய எரிச்சல் அரை நாளில் வந்துவிட்டது. முதல் வாரம் முழுவதும் மொழியோடு தனியாக இருங்கள்.

9-ஆம் பதிப்பிலிருந்து ஜாவாவோடு ஜேஷெல் என்ற கருவி வருகிறது. பைத்தானில் வரி வரியாக அடித்துப் பார்ப்பது போலவே இதிலும் அடித்து உடனே விடையைப் பார்க்கலாம். 11-ஆம் பதிப்பிலிருந்து, ஒரே கோப்பில் எழுதிய நிரலைத் தனியாக கம்பைல் செய்யாமல், கோப்பின் பெயரை நேரடியாக ‘ஜாவா’ கட்டளைக்குக் கொடுத்தே ஓட்டலாம். 25-ஆம் பதிப்பில் இன்னொரு படி இறங்கி வந்திருக்கிறார்கள்: கிளாஸ் என்ற உறையும் இல்லாமல், பப்ளிக்கும் ஸ்டாடிக்கும் இல்லாமல், ‘வாய்ட் மெயின்’ என்று மட்டும் எழுதி அதற்குள் வேலையைத் தொடங்கிவிடலாம். லிஸ்ட், மேப் போன்ற அடிப்படை வகைகளுக்கு இம்போர்ட் வரியும் தேவையில்லை. ரெக்கார்டு நோட்டில் நூறு முறை எழுதிய அந்த வரி இல்லாமல் ஒரு ஜாவா நிரல் ஓடியதைப் பார்த்தபோது, எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் படி: விடை தெரிந்த ஒரு சிறு வேலையை எடுங்கள்

பாடத்தொடரை முதல் பாடத்திலிருந்து பார்ப்பது திரும்புபவர்களுக்குச் சலிப்பையே தரும், ஏனெனில் அதில் முக்கால் பங்கு தெரிந்ததாகவே இருக்கும். இப்போது உங்களுக்குப் பழகிய மொழியில் ஏற்கெனவே எழுதி, விடை என்னவென்று தெரிந்த ஒரு சிறு வேலையை ஜாவாவில் மீண்டும் எழுதுங்கள். இருநூறு வரிக்குள் முடிவதாகவும், ஒரு கோப்பைப் படிப்பதாகவும், எதையாவது தொகுத்து எண்ணுவதாகவும் அது இருந்தால் நல்லது.

நான் எடுத்தது, தமிழ்க் கோப்பு ஒன்றில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் நிரல். பட்டியலின் ஐந்தாவது குறையான கேள்விக்குறிகளை நேராகச் சோதிக்கும் வேலை அது. அன்று விண்டோஸில் ஓடிய ஜாவா, குறியேற்றம் எதுவும் சொல்லாவிட்டால் அந்தக் கணினியின் இயல்புக் குறியேற்றத்தை எடுத்துக்கொள்ளும். அதில் தமிழுக்கு இடமில்லாததால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். 18-ஆம் பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் இயல்புக் குறியேற்றம், தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 என்று ஆக்கப்பட்டுவிட்டது. கோப்புகளைப் படிப்பதும் எழுதுவதும் கம்பைல் செய்வதும் இப்போது எந்தக் கூடுதல் அமைப்பும் இல்லாமல் தமிழில் நடக்கின்றன. விண்டோஸின் கருப்புத் திரையில் அச்சிடுவது மட்டும் இன்னும் தனிக்கதை. திரையின் குறியேற்றம் வேறாக இருந்தால் அங்கே கேள்விக்குறிகள் தொடரக்கூடும். அப்போது திரையின் கோட் பேஜை 65001 என்று மாற்றி, ஜாவாவை ஓட்டும்போது வெளியீட்டுக் குறியேற்றத்தையும் யூடிஎஃப்-8 என்று கொடுக்க வேண்டும்.

அடுத்து எண்ணிக்கை. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவா 5 என்று சொல்லும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி ஆகிய ஐந்தையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. பைத்தானும் இதே 5-ஐத்தான் சொல்லும். நமக்கு வேண்டியது 3. ஜாவாவின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில், பின்சாய்கோட்டோடு பெரிய எக்ஸ் எழுத்தைச் சேர்த்து எழுதும் குறி ஒன்று 9-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. பயனர் ஓர் எழுத்தாகக் காணும் கொத்தை அது மொத்தமாகப் பிடிக்கும். அதைக் கொண்டு பிரித்தால் த, மி, ழ் என்று மூன்றாக வரும். பைத்தானில் இதற்காக நான் வெளியிலிருந்து ஒரு தனி லைப்ரரியை நிறுவியிருந்தேன். உள்ளமைந்த ரெகுலர் எக்ஸ்பிரஷனில் அந்தக் குறி கிடையாது. க்ஷ, ஸ்ரீ போன்றவற்றை இந்த முறை இரண்டிரண்டாகப் பிரித்துவிடும் என்பதால், அவற்றை ஒன்றாக எண்ண விரும்புபவர்கள் தனியாக ஒரு விதி சேர்க்க வேண்டும். இன்னொரு பொறியும் உண்டு. ‘கொ’ என்பதை ஒகரக் குறியோடும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் ஒப்பிட்டால் இரண்டும் வேறு. எண்ணுவதற்கு முன்பு நார்மலைசர் என்ற கிளாஸின் வழியே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

நிரலை முடித்தபோது அறுபது வரிதான் ஆகியிருந்தது. பழைய ஜாவாவைப் பற்றி நான் வைத்திருந்த கணக்குப்படி அது முந்நூறு வரியாவது ஆகியிருக்க வேண்டும்.

ஆறாம் படி: பழைய கைப்பழக்கத்தை மாற்றுங்கள்

மொழி மாறிவிட்டாலும் விரல்கள் மாறியிருக்காது. எழுதிய நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய பழக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பது இந்தப் படியின் வேலை. இதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும்.

ரெக்கார்டிலிருந்து தொடங்குங்கள். பெயர், எண், ஊர் என்ற மூன்றைச் சுமக்கும் வாடிக்கையாளர் கிளாஸுக்கு அன்று மறைந்த மாறிகள், கன்ஸ்ட்ரக்டர், கெட்டர்கள், செட்டர்கள், ஈக்வல்ஸ், ஹேஷ்கோட், டூஸ்ட்ரிங் என்று அடுக்கிக்கொண்டே போனோம். இன்று ‘ரெக்கார்டு’ என்று தொடங்கி, பெயரையும் மூன்று தகவல்களையும் ஒரே வரியில் எழுதினால் போதும். செட்டர்களைத் தவிர மற்றவற்றைக் கம்பைலரே தந்துவிடும். உருவாக்கிய பின் ஒரு ரெக்கார்டின் மாறிகளுக்கு வேறு மதிப்பு இட முடியாது என்பதை நினைவில் வையுங்கள். செட்டர் வேண்டுமே என்று முதல் நாள் தோன்றும். இரண்டாவது வாரத்தில், எந்த வரி எந்த மதிப்பை மாற்றியது என்று தேடும் வேலை குறைந்திருப்பதைக் கவனிப்பீர்கள். டேட்டாபேஸ் வரிசைகளை ஆப்ஜெக்ட்டுகளாக்கித் தரும் ஹைபர்நேட் போன்ற லைப்ரரிகளின் என்டிட்டியாக ரெக்கார்டைப் பயன்படுத்த முடியாது. அங்கே பழைய கிளாஸ்தான்.

அடுத்தது, சீல்டு வகையும் ஸ்விட்ச்சும் சேரும் இடம். ஒரு கடையின் கட்டணம் ரொக்கம், யூபிஐ, அட்டை என்ற மூன்றில் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் என்ற இன்டர்ஃபேஸைச் சீல்டு என்று அறிவித்து, இந்த மூன்று ரெக்கார்டுகள் மட்டுமே அதை ஏற்கலாம் என்று எழுதிவிட்டால், பிறகு ஸ்விட்ச்சில் மூன்றையும் கையாண்டீர்களா என்று கம்பைலர் சரிபார்க்கும். நாளை தவணைமுறை என்ற நான்காவது வகை சேர்ந்தால், அதைக் கையாள மறந்த இடங்கள் எல்லாம் கம்பைல் ஆகாமல் நின்று உங்களை அழைக்கும். இந்தப் பலன் கிடைக்க வேண்டுமென்றால் ஸ்விட்ச்சின் கடைசியில் பழைய வழக்கப்படி ‘டிஃபால்ட்’ எழுதக் கூடாது. எழுதிவிட்டால் கம்பைலர் அமைதியாகிவிடும். காப்பீட்டு மென்பொருளில், புதிய திட்டம் ஒன்றைச் சேர்த்தபோது அதை விட்டுவிட்ட ஏழெட்டு இஃப்-எல்ஸ் ஏணிகளை வாடிக்கையாளர்களின் புகார்கள் வழியாகவே கண்டுபிடித்தோம். ஜாவாவுக்குத் திரும்பியதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தேதிகளுக்குப் பழைய டேட், காலண்டர் கிளாஸ்களைத் தொடவே வேண்டாம். பழைய டேட்டில் 2014, 3, 18 என்று கொடுத்தால் 3914-ஆம் ஆண்டு ஏப்ரல் 18 வரும். ஆண்டை 1900-லிருந்தும் மாதத்தைச் சுழியத்திலிருந்தும் எண்ணிய அமைப்பு அது. 8-ஆம் பதிப்பின் ஜாவா டைம் தொகுப்பில் உள்ள லோக்கல்டேட் முதலியவை இந்தக் கோணல்கள் இல்லாதவை, மதிப்பு மாறாதவை. நல் பாயின்டர் பிழையும் 15-ஆம் பதிப்பிலிருந்து, எந்த மெத்தட் திருப்பித் தந்தது வெறுமையாக இருந்ததால் எந்த அழைப்பு தோற்றது என்பதைத் தானாகவே விளக்கிச் சொல்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஸ்ட்ரீம் கற்ற உற்சாகத்தில் எல்லா ஃபார் சுற்றுகளையும் ஸ்ட்ரீமாக மாற்றாதீர்கள். மூன்று நான்கு கண்ணிகளுக்கு மேல் நீண்டால், பிழை வரும்போது படிப்பவர் திணறுவார். மதிப்பு இல்லாமலும் போகலாம் என்று குறிக்கும் ஆப்ஷனலை ஒரு மெத்தட் திருப்பித் தரும் மதிப்பாக மட்டும் வையுங்கள். மாறியாகவோ உள்ளீடாகவோ வைத்தால், வெறுமையை ஒழிக்க வந்ததே இன்னொரு வெறுமையாகிவிடும்.

ஏழாம் படி: இடையில் பழகிய மொழியின் நினைப்பை வாசலில் விடுங்கள்

பைத்தானிலிருந்து வருபவர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. சரங்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால், இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் ஜாவா பார்க்கும். உள்ளடக்கத்தை ஒப்பிட ஈக்வல்ஸ் வேண்டும். பெரிய ஐ-யில் தொடங்கும் இன்டீஜர் வகையில் இது இன்னும் நயவஞ்சகமானது. -128 முதல் 127 வரையான எண்களை ஜாவா முன்கூட்டியே சேமித்து வைத்திருப்பதால் அந்த எல்லைக்குள் இரட்டைச் சமக்குறி சரியான விடை தரும், 128-இல் தவறும். சோதனையில் சிறு எண்கள், நடைமுறையில் பெரிய எண்கள் என்றால் கதை முடிந்தது. 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 வரும். -7-ஐ 3-ஆல் வகுத்த மீதி பைத்தானில் 2, ஜாவாவில் -1. இன்ட் வகையில் 2,147,483,647-உடன் ஒன்றைக் கூட்டினால் எந்தச் சத்தமும் இல்லாமல் எதிர்ம எண் வரும். பணக் கணக்கானால் மேத் கிளாஸின் ஆட்எக்ஸாக்ட் மெத்தடைப் பயன்படுத்துங்கள், அது மிகும்போது பிழை எறியும்.

இவற்றைவிடப் பெரிய சறுக்கல், எல்லாவற்றையும் மேப்புக்குள் மேப்பாக அடுக்குவது. பைத்தானின் டிக்ஷனரி பழக்கம் அது. ஜாவாவில் அப்படி எழுதினால் அந்த மொழியின் நீண்ட எழுத்து மட்டும் மிஞ்சும், வகைப் பாதுகாப்பு கிடைக்காது. மேப் எழுதத் தோன்றும் இடத்தில் ஒரு ரெக்கார்டு எழுத முடியுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: கட்டுமானக் கருவியும் ஃபிரேம்வொர்க்கும்

இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில் மேவன் அல்லது கிரேடிலுக்கு வாருங்கள். மேவனின் எக்ஸ்எம்எல் இன்றும் எக்ஸ்எம்எல்தான்; ஆனால் ஒரு திட்டத்துக்கு ஒரே கோப்பு, அதையும் பெரும்பாலும் கருவியே எழுதித் தரும். படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கற்றால் போதும். ஸ்பிரிங்கை அன்று எக்ஸ்எம்எல் குவியலாகப் பார்த்தவர்கள் ஸ்பிரிங் பூட்டைக் கண்டு ஆறுதல் அடைவார்கள். அதன் 3-ஆம் பதிப்பு 2022 நவம்பரில் வந்தது, ஜாவா 17-ஐக் குறைந்தபட்சமாகக் கேட்கிறது.

வலைச் சேவை எழுதுபவர்கள் மெய்நிகர் த்ரெட்டுகளைப் புரிந்துகொள்ள ஒரு நாளை ஒதுக்குங்கள். பழைய த்ரெட் ஒவ்வொன்றும் இயங்குதளத்தின் த்ரெட் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் சில ஆயிரங்களுக்கு மேல் போவது கடினம். மெய்நிகர் த்ரெட், டேட்டாபேஸுக்கோ நெட்வொர்க்குக்கோ காத்திருக்கும்போது தான் ஏறியிருந்த இயங்குதள த்ரெட்டை விட்டு இறங்கிவிடும். எனவே லட்சக்கணக்கில் உருவாக்கலாம். அவற்றை ‘பூல்’ செய்து மறுபடி மறுபடி பயன்படுத்தக் கூடாது, வேலைக்கு ஒன்றாக உருவாக்கி விட்டுவிட வேண்டும். டேட்டாபேஸ் இணைப்புகள் இருபதுதான் என்றால், லட்சம் த்ரெட்டுகள் வைத்திருந்தாலும் இருபதுக்கு மேல் ஓடாது; அந்த எல்லையை, ஒரே நேரத்தில் எத்தனை நுழையலாம் என்று கட்டுப்படுத்தும் செமாஃபோர் கொண்டு நீங்களே விதியுங்கள். காத்திருப்பு இல்லாத கனமான கணக்கீட்டுக்கு இவற்றால் பயன் இல்லை. 21-இல், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையும் சிங்க்ரனைஸ்டு தொகுதிக்குள் காத்திருக்க நேர்ந்தால் இயங்குதள த்ரெட்டும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும் குறை இருந்தது. 24-இல் அதைத் தீர்த்துவிட்டார்கள். 25-ஐத் தேர்ந்தெடுக்க எனக்கு அதுவே போதுமான காரணம்.

ஒன்பதாம் படி: பழைய நிரலை மேலேற்ற நேர்ந்தால்

வேலையின் பொருட்டுத் திரும்புபவர்களில் பலருக்கு உண்மையில் கிடைப்பது, 8-ஆம் பதிப்பில் நின்றுபோன ஒரு பழைய திட்டம். அதை ஒரே தாவலில் 21-க்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் நிரலைத் தொடாமல் புதிய ஜாவாவின் மேல் ஓட்டிப் பாருங்கள். அடுத்து லைப்ரரிகளைப் புதுப்பியுங்கள். அதன் பிறகு புதிய பதிப்புக்குக் கம்பைல் செய்யுங்கள். புதிய மொழி வசதிகளை எல்லாவற்றுக்கும் கடைசியில் தொடுங்கள். வரிசை மாறினால் எந்த மாற்றம் எதை உடைத்தது என்று தெரியாமல் திண்டாடுவீர்கள்.

உடையும் இடங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவை. எக்ஸ்எம்எல்லையும் ஆப்ஜெக்ட்டுகளையும் மாற்றித் தரும் ஜாக்ஸ்பி, கணினிகளுக்கு இடையே ஆப்ஜெக்ட்டுகள் பேசிக்கொள்ளும் பழைய முறையான கோர்பா ஆகியவை 11-இல் ஜாவாவின் நிரலாக்கத் தொகுப்பான ஜேடிகேயிலிருந்து நீக்கப்பட்டன. ஜாக்ஸ்பியை இப்போது தனி லைப்ரரியாகச் சேர்க்க வேண்டும். 16, 17-ஆம் பதிப்புகளிலிருந்து ஜேடிகேயின் உள்ளறைகளை ரிஃப்ளெக்ஷனால் (ஓடும்போதே கிளாஸ்களின் உள்ளமைப்பை ஆராயும் வழி) எட்டிப் பார்ப்பது தடுக்கப்பட்டுவிட்டதால், அப்படி எட்டிப் பார்த்த பழைய லைப்ரரிகள் ஓடும்போது விழும். உள்ளறைகளை நேரடியாக அழைப்பவை எவை என்று முன்பே அறிய, ஜேடிகேயோடு வரும் ஜேடெப்ஸ் கருவியை ஓட்டிப் பாருங்கள்; ரிஃப்ளெக்ஷனால் எட்டிப் பார்ப்பவற்றை அது காட்டாது, அவை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்பிரிங் பூட் 3-க்குப் போகும்போது ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கும் இம்போர்ட்டுகள் ‘ஜகார்த்தா’ என்று மாற வேண்டும். நிறுவன மென்பொருளுக்கான ஜாவா ஈஈ தொகுப்பு எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறியதன் விளைவு அது. இங்கே நான் விழுந்த குழியைச் சொல்கிறேன்: எடிட்டரில் தேடி மொத்தமாக மாற்றிவிட்டேன், கம்பைலர் நூற்றுக்கணக்கான பிழைகளைக் கொட்டியது. ஜாவாக்ஸ் என்ற பெயருள்ள எல்லாம் ஜாவா ஈஈயைச் சேர்ந்தவை இல்லை. எஸ்கியூஎல், கிரிப்டோ போன்றவை ஜேடிகேயின் பகுதிகள், அவை பழைய பெயரிலேயே இருக்கின்றன. இந்த வேறுபாடு அறிந்து மாற்றித் தரும் ஓப்பன்ரீரைட் போன்ற கருவியைப் பயன்படுத்துங்கள்.

பத்தாம் படி: பட்டியலை மீண்டும் எடுங்கள்

ஆறு வாரங்கள் கழித்து, பென்சிலால் எழுதிய அந்தத் தாளை எடுத்து ஒவ்வொரு குறையையும் உங்கள் சொந்த நிரலை வைத்துச் சரிபாருங்கள். என் பதினொன்றில் முதல் ஐந்தை மொழி தீர்த்திருந்தது. நான்கு மொழியின் குற்றமே இல்லை. கடைசி இரண்டு அப்படியே இருக்கின்றன.

சரங்களுக்குள் மாறிகளை நேரடியாக இடும் வசதி, 21-இலும் 22-இலும் முன்னோட்டமாக வந்து, 23-இல் திரும்பப் பெறப்பட்டது. எனவே இன்றும் கூட்டல் குறிதான், அல்லது சரத்தின் மேல் ‘ஃபார்மேட்டட்’ மெத்தடை அழைப்பதுதான். நான் இரண்டாவதைப் பழகிக்கொண்டேன். பிடிக்கவில்லை, ஆனால் வலிக்கவும் இல்லை. எக்செப்ஷன் கதை வேறு. கட்டாயமாகப் பிடிக்க வேண்டிய எக்செப்ஷனை எறியும் மெத்தடை ஸ்ட்ரீமின் லாம்டாவுக்குள் அழைத்தால் கம்பைலர் ஏற்காது. ஒரு வரி வேலைக்கு ஐந்து வரி டிரை-கேட்ச் எழுத வேண்டியிருக்கிறது. கோப்பைப் படிக்கும் எல்லையோரத்திலேயே ஐஓ எக்செப்ஷனைப் பிடித்து, 8-ஆம் பதிப்பிலிருந்து இருக்கும் அன்செக்டு-ஐஓ-எக்செப்ஷனில் பொதிந்து மேலே அனுப்பிவிடுகிறேன். உள்ளே இருக்கும் நிரல் அதன்பின் சுத்தமாக இருக்கிறது. பட்டியலில் இந்த ஒரு வரியை மட்டும் பேனாவால் மீண்டும் எழுதி, மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன்.

உங்கள் மூன்றாம் பக்கத்தில் எஞ்சுபவை, நீங்கள் அன்றாடம் செய்யும் வேலையின் நடுவே வருபவையாக இருந்தால், உதாரணமாக நொடிக்குள் தொடங்கி முடிய வேண்டிய சிறு ஸ்கிரிப்ட்டுகளே உங்கள் வேலையென்றால், ஜாவாவை மறுபடி விட்டுவிடலாம். விடும்போது அந்தத் தாளில் பதிப்பு எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள்; அடுத்த நீண்டகாலப் பதிப்பு வரும்போது எதைச் சரிபார்க்க வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது.